போதோ என்பவர் பாட் ஆன கதை

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் மாணவர் அர்டுயினோ பலகையை முதன்முறை கணினியோடு இணைக்கும்போது காதில் விழும் சொற்களில் ஒன்று 'பாட் ரேட்'. பலகையிலும் 9600, கணினியிலும் 9600 என்று வைத்தால்தான் இரண்டும் பேசிக்கொள்ளும். ஒரு பக்கம் 9600, மறுபக்கம் 115200 என்று இருந்துவிட்டால் திரையில் பொருளற்ற எழுத்துகள் கொட்டும். "பாட் ரேட்டைப் பாருப்பா" என்பார் ஆசிரியர். மாணவர் எண்ணை மாற்றுவார், வேலை நடக்கும். அந்தச் சொல்லுக்குள் ஒரு மனிதர் இருக்கிறார் என்ற பேச்சு அநேகமாக எழுவதே இல்லை. வோல்ட், ஆம்பியர், ஓம் எல்லாம் ஆட்களின் பெயர்கள் என்று பள்ளிப் பாடமே சொல்லிவிடுகிறது. பாட்டுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

அவர் பெயர் எமீல் போதோ. பிரான்ஸின் ஓத்-மார்ன் பகுதியில் ஒரு சிற்றூரில் 1845இல் உழவர் வீட்டில் பிறந்தவர். ஊர்ப் பள்ளியின் தொடக்கப் படிப்போடு சரி. அதன்பின் அப்பாவுடன் வயல் வேலை. 1869இல் பிரெஞ்சு அஞ்சல் தந்தித் துறையில் கடைநிலைத் தந்தியாளராகச் சேர்ந்தார். மோர்ஸ் கருவியிலும், டேவிட் ஹியூஸ் உருவாக்கிய அச்சிடும் தந்திக் கருவியிலும் பழகினார். மற்றவற்றைத் தானே படித்துக்கொண்டார்.

வேலை பார்த்த இடத்தில் அவர் கண்ணில் பட்டது ஒரு வீணடிப்பு. இரண்டு நகரங்களுக்கு இடையே பெரும் செலவில் கம்பி இழுத்திருக்கிறார்கள். அந்தக் கம்பி பெரும்பகுதி நேரம் சும்மாவே கிடக்கிறது. தந்தியாளர் அடுத்த எழுத்தைத் தேடும் கணத்திலும், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவிலும் அதில் எதுவும் ஓடுவதில்லை. ஒருவர் விடும் இடைவெளியில் இன்னொருவர் அனுப்பலாமே என்ற எண்ணம் போதோவுக்கு முன்பே சிலருக்குத் தோன்றியிருந்தது. பெர்னார் மேயர் என்பவர் அந்த வழியில் ஒரு கருவியும் செய்திருந்தார். போதோ செய்தது, அந்த எண்ணத்தை ஐந்து துடிப்புகள் கொண்ட ஒரு குறியீட்டோடு சேர்த்தது. மோர்ஸில் ஓர் எழுத்து குட்டை, இன்னொன்று நெட்டை. போதோவின் குறியீட்டில் எல்லா எழுத்தும் சம நீளம்: ஒவ்வொன்றும் 5 இடம், ஒவ்வோர் இடத்திலும் இரண்டில் ஒரு நிலை, ஆக 32 சேர்க்கைகள். எழுத்துக்கும் எண்ணுக்கும் அதே சேர்க்கைகளை மாற்றிப் பயன்படுத்த ஒரு மாற்றுக் குறி. நீளம் சமமாக இருந்தால்தான் ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று கம்பியைப் பங்கு போட முடியும். 1874இல் காப்புரிமை பெற்றார். 1877இல் பாரிஸுக்கும் போர்தோவுக்கும் இடையே கருவி ஓடத் தொடங்கியது.

அந்தக் கருவியின் முன் உட்கார்ந்தவர்களுடைய வேலையைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். பாட் என்ற அலகின் ஆவி அங்கேதான் இருக்கிறது. பியானோவைப் போன்ற ஐந்தே கட்டைகள்: இடக்கைக்கு இரண்டு, வலக்கைக்கு மூன்று. ஐந்து கட்டைகளில் எவை எவை கீழே இருக்க வேண்டும் என்பதைத் தந்தியாளர் மனப்பாடமாக வைத்திருப்பார். கருவிக்குள் வட்டமாக அடுக்கிய உலோகத் துண்டுகள்மேல் ஒரு தூரிகை சுழலும். அது அவருடைய பங்கைத் தொடும்போது கட்டைகளின் நிலை கம்பியில் ஏறும். பிறகு ஒரு 'க்ளிக்' ஒலி, கட்டைகள் விடுபடும். அந்த ஒலிக்குப் பிறகுதான் அடுத்த எழுத்தை அழுத்த வேண்டும். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. நிமிடத்துக்கு 180 சுற்று, சுற்றுக்கு ஓர் எழுத்து. ஒரு சொல்லுக்கு 6 எழுத்து என்று கொண்டால் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 சொல். தாளம் தவறாமல் அப்படி மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பது கடும் உழைப்பு. ஒரே கம்பியில் நான்கு பேர், ஆறு பேர்கூட இப்படி முறை வைத்து வேலை பார்த்தார்கள். வட்டத்தின் சில துண்டுகளை யாருக்கும் ஒதுக்கவில்லை. இரு நகரங்களின் தூரிகைகளும் ஒன்றுக்கொன்று ஒத்துச் சுழல்வதற்காக விட்ட இடம் அது. செய்தியே இல்லாத சமிக்ஞையும் செய்தியோடு கம்பியில் போயாக வேண்டும் என்ற நிலை அன்றே வந்துவிட்டது.

போதோ 1903இல் காலமானார். அப்போது அவர் பெயரில் அலகு எதுவும் கிடையாது.

தந்தியின் வேகத்தை அதுவரை நிமிடத்துக்கு இத்தனை சொல் என்றே அளந்தார்கள். சொல்லின் நீளம் மொழிக்கு மொழி வேறு என்பதால் மோர்ஸ்காரர்கள் 'பாரிஸ்' என்ற ஊர்ப் பெயரையே அளவுகோலாக்கிக்கொண்டார்கள். ஆங்கில எழுத்தில் அந்தப் பெயரை மோர்ஸில் அடித்து, அடுத்த சொல்லுக்கான இடைவெளியையும் சேர்த்தால் சரியாக 50 புள்ளிகளின் நேரம் ஆகும். மனிதர் காதால் கேட்டு எழுதிய காலத்துக்கு அது போதும். பிறகு அச்சிடும் இயந்திரங்கள் வந்தன, நாட்டுக்கு நாடு வேறு குறியீடுகள் வந்தன. கம்பியைப் பராமரிக்கும் பொறியாளருக்கு, அதில் என்ன மொழி ஓடுகிறது, எத்தனை சொல் என்பதெல்லாம் தேவையில்லாத செய்தி. கம்பியின் நிலை எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பது மட்டுமே அவருக்கு வேண்டும். கம்பி தாங்குவதும் தாங்காததும் அதைப் பொறுத்ததுதான். தந்திக்கான பன்னாட்டு ஆலோசனைக் குழு 1920களில் இதற்கென்று ஓர் அலகை ஏற்றது. மிகக் குட்டையான துடிப்பு எத்தனை வினாடி நீடிக்கிறதோ, ஒன்றை அதனால் வகுத்தால் வருவது பாட். துடிப்பு 20 மில்லிவினாடி என்றால் 50 பாட். அமெரிக்கத் தொலை அச்சுக் கருவிகளில் அது 22 மில்லிவினாடி. ஆகவே அங்கே 45.45 பாட்.

பெயரை நறுக்கியதிலும் ஒரு மரபு இருக்கிறது. வோல்ட்டாவின் கடைசி உயிரெழுத்து போய் வோல்ட் ஆயிற்று. ஃபாரடேயின் வால் போய் ஃபாரட் ஆயிற்று. கிரகாம் பெல்லின் பெயரில் ஓர் எழுத்து குறைந்து, டெசிபெல்லுக்குள் இருக்கும் 'பெல்' ஆயிற்று. போதோவின் பெயரில் கடைசி இரண்டு எழுத்துகளை வெட்டினார்கள். பிரெஞ்சில் சொல்லின் இறுதி மெய் பெரும்பாலும் ஒலிக்காது. எனவே அலகை அவர்கள் 'போ' என்று உச்சரிக்கிறார்கள். ஆங்கிலேயர் அதே எழுத்துகளைத் தங்கள் வழக்கப்படி படித்து, ஊமையாக இருந்த மெய்யை ஒலிக்கவைத்தார்கள். நம்மிடம் வந்தது அந்த ஆங்கில ஒலிப்பு. அதனால் தமிழில் அலகு 'பாட்', ஆளின் பெயர் 'போதோ' என்று இரண்டும் உறவே இல்லாதவைபோல நிற்கின்றன. ஆளின் பெயரையும் ஆங்கில வழியில் 'பாடோட்' என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. உறவு தெரியும் என்பதற்காக அது பரவாயில்லை என்று சொல்லலாம். எனக்கு மனம் வரவில்லை. ஒரு மனிதரை அவர் ஊரார் அழைத்தபடி அழைப்பதே முறை.

அலகின் வரையறைக்குள்ளேயே 'வினாடிக்கு' என்பது அடங்கிவிட்டது. ஆகவே 'வினாடிக்கு 50 பாட்' என்பது பிழை. 'பாட் ரேட்' என்பதும் கறாராகப் பார்த்தால் கூறியது கூறல். ஆனால் அது ஊன்றிவிட்டது, இனி பிடுங்க முடியாது.

இப்போது கணக்குக்கு வருவோம். தொலை அச்சுக் கருவி 50 பாட் வேகத்தில் ஓடுகிறது. வினாடிக்கு 50 துடிப்பு, எழுத்துக்கு 5 துடிப்பு என்றால் வினாடிக்கு 10 எழுத்து வரவேண்டும். வருவது ஆறே முக்கால்கூட இல்லை. ஏனென்றால், எழுத்து தொடங்குகிறது என்று சொல்ல ஒரு துடிப்பு, முடிந்தது என்று சொல்ல ஒன்றரைத் துடிப்பு தேவை. எழுத்துக்கு ஏழரைத் துடிப்பு, அதாவது 150 மில்லிவினாடி. நிமிடத்துக்கு 400 எழுத்து. கம்பியில் போவது 50, படிப்பவருக்குக் கிடைப்பது 33⅓. மீதியெல்லாம் வழித்துணை.

இந்தக் கிடைக்கும் பங்குக்குத்தான் இன்று 'பேலோடு' என்று பெயர். அந்தச் சொல் தொலைத்தொடர்புக்கு உரியதாகப் பிறக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சரக்கு வண்டிக்காரர்களின் வழக்கில் உருவானது. வண்டியின் எடை, எரிபொருள், ஓட்டுநர் எல்லாம் சுமைதான். ஆனால் கூலி தருவது ஏற்றிய சரக்கு மட்டும். கூலி, சுமை என்ற இரு ஆங்கிலச் சொற்களும் ஒட்டி அந்தச் சரக்குக்குப் பெயராயிற்று. லாரியிலிருந்து விமானத்துக்கும், பிறகு குண்டு சுமக்கும் விமானத்துக்கும், ராக்கெட்டுக்கும் ஏறி, கடைசியில் கம்பிக்குள்ளும் வந்துவிட்டது. பாட் மனிதர் பெயரிலிருந்து வந்தது, பேலோடு வாடகைக் கணக்கிலிருந்து வந்தது. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதுதான் இந்தத் துறையின் அன்றாடக் கணக்கு. ஒரு துடிப்பில் எவ்வளவு ஏறுகிறது, ஏறியதில் எவ்வளவு வழித்துணை என்ற இரண்டும் தெரியாமல் அந்தக் கணக்கைப் போடவே முடியாது.

முதலாவதை ஹாரி நைக்விஸ்ட் 1924லேயே எழுதிவிட்டார். தந்தி வேகத்தைப் பற்றிய தம் கட்டுரையில், துடிப்பின் விரைவு வேறு, ஒரு துடிப்பு எடுக்கக்கூடிய நிலைகளின் எண்ணிக்கை வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். இரண்டு நிலை என்றால் ஒரு துடிப்பு 'ஆம்', 'இல்லை' என்ற ஒன்றை மட்டுமே சொல்லும். நான்கு நிலை என்றால் இரண்டு கேள்விக்குப் பதில். நிலைகள் இருமடங்கானால் ஒரு பதில் கூடும். அந்த உறவு மடக்கை உறவு. அந்த 'ஆம்-இல்லை'க்கு ஒரு பெயர் வர மேலும் இருபதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 'இரும இலக்கம்' என்பதற்கான இரண்டு ஆங்கிலச் சொற்களை ஜான் டியூக்கி 'பிட்' என்று சுருக்கினார். கிளாட் ஷானன் 1948இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் அந்தச் சொல்லை எடுத்தாண்டு, டியூக்கிக்கு உரிய பெருமையையும் கொடுத்தார். ஷானன் பெயரிலும் தகவலுக்கு ஓர் அலகு பன்னாட்டுத் தர ஆவணத்தில் இருக்கிறது. அது நாவில் ஏறவில்லை. தகவல் பற்றிய அறிவியலையே படைத்தவரின் அலகு ஏட்டில் கிடக்க, தந்தித் துறையில் கடைநிலையில் சேர்ந்தவரின் பெயர் ஆய்வகம்தோறும் ஒலிக்கிறது. சொற்களின் வாழ்வு அப்படி.

பாட், பிட் இரண்டும் குழம்பத் தொடங்கியது மோடம் வந்த பிறகு. 1960களில் வந்த பெல் 103 மோடத்தில் ஒரு துடிப்புக்கு ஒரு பிட். 300 பாட் என்றாலும் வினாடிக்கு 300 பிட் என்றாலும் ஒன்றுதான். இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லும் பழக்கம் அங்கே வேர்விட்டது. அடுத்து வந்த மோடம்களை அந்தப் பழக்கம் விடவில்லை. தொலைபேசிக் கம்பியில் குரலுக்கு ஒதுக்கிய அலைவரிசை 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான். அதற்குள் துடிப்பை விருப்பம்போல் விரைவாக்க முடியாது. எனவே பொறியாளர்கள் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக நிலைகளைத் திணித்தார்கள். பெல் 212ஏ மோடம் 600 பாட்டில் 1200 பிட் அனுப்பியது. வி.22பிஸ் தரம் அதே 600 பாட்டில் 2400. வி.32 தரம் 2400 பாட்டில் 9600. பின்னர் வி.34 தரம் அதிகபட்சம் 3429 பாட்டில் 33,600 பிட் வரை போயிற்று. ஆனால் பேச்சில் இவையெல்லாம் '2400 பாட் மோடம்', '9600 பாட் மோடம்' என்றே புழங்கின. 9600 பாட் என்பது அந்தக் கம்பியில் நடக்கவே முடியாத காரியம். 1995 ஆகஸ்ட் 15இல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தபோது, தொலைபேசியில் கீச்சிட்டு இணைந்த நம் மோடம்களும் இந்தப் பெயர்க் குழப்பத்தைச் சுமந்தே வந்தன.

இந்தத் தவறான வழக்கைத் திருத்த வேண்டும் என்றே நான் வாதிடுவேன். சொற்பிடிவாதம் அல்ல இது. கைப்பேசியில் எட்ஜ் என்ற தரவு முறை வந்தபோது, ஜிஎஸ்எம்மின் 270.833 கிலோபாட்டில் எந்த மாற்றமும் இல்லை. துடிப்புக்கு ஒரு பிட் என்றிருந்ததை மூன்றாக்கினார்கள், அவ்வளவே. பாட்டும் பிட்டும் ஒன்று என்று சொல்லிப் பழகியவருக்கு அங்கே என்ன நடந்தது என்பதைச் சொல்ல வாயில் சொல்லே இருக்காது. பாடம் நடத்துபவர்கள் கொஞ்சம் கவனம் எடுத்தால் போதும்: துடிப்புக்குப் பாட், தகவலுக்குப் பிட்.

அர்டுயினோ மாணவரின் 9600இல் பெயர் சரியாகவே அமைந்திருக்கிறது. அங்கே துடிப்புக்கு ஒரு பிட். ஆனால் அங்கும் பேலோடு வேறு. தொடக்கத்துக்கு ஒன்று, எழுத்துக்கு எட்டு, முடிவுக்கு ஒன்று என எழுத்துக்குப் பத்துத் துடிப்பு. 9600 பாட் என்றால் வினாடிக்கு 960 எழுத்து; 115200 என்றால் 11,520. தொடக்கத் துடிப்பும் முடிவுத் துடிப்பும் தொலை அச்சுக் கருவியிலிருந்து நேரடியாக வந்த சொத்து.

சுழலும் தூரிகையும் மறைந்துவிடவில்லை. அலுவலகங்களில் 'பிஆர்ஐ லைன்' என்று வாங்குகிறார்களே, அதன் அடியில் இருப்பது ஈ1 என்னும் அமைப்பு. ஒரு வினாடியை 8000 சுற்றாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்றிலும் 32 பங்கு வைத்து, பங்குக்கு 8 பிட் கொடுத்தால் வினாடிக்கு 20,48,000 பிட். போதோவின் கருவியில் நால்வர் முறை வைத்து அழுத்திய அதே ஏற்பாடு. சுற்றுதான் நிமிடத்துக்கு 180இலிருந்து வினாடிக்கு 8000 ஆகியிருக்கிறது. ஒரு பங்கு ஒத்திசைவுக்கு, ஒரு பங்கு அழைப்புகளை நடத்தும் சமிக்ஞைக்கு. மீதி 30 பங்கில் குரல். பேலோடு 19,20,000. அமெரிக்காவின் டி1இல் பங்குகள் 24, அவற்றோடு சுற்றுக்கு ஒத்திசைவுப் பிட் ஒன்று. மொத்தம் 15,44,000, பேலோடு 15,36,000. கண்ணாடி இழைக்கென்று வந்த எஸ்டிஎம்-1இல் மொத்தம் வினாடிக்கு 155.52 மெகாபிட், பேலோடு 149.76. அலகு மாற்றும் அட்டவணைகளில் ஒரே பெயருக்குப் பக்கத்தில் 'சமிக்ஞை', 'பேலோடு' என்று இரண்டு எண்கள் நிற்பதற்குக் காரணம் இதுதான். எதைக் கேட்கிறோம் என்று தெரியாமல் எடுத்தால் தவறான வரிசை கைக்கு வரும்.

கண்ணாடி இழையிலும் வலையமைப்புக் கம்பியிலும் பாட் மறுபடி தன் சரியான பொருளுக்கு வந்திருப்பதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. வினாடிக்கு ஒரு கிகாபிட் ஈதர்நெட்டை எடுத்துக்கொள்வோம். செம்புக் கம்பியில் அது நான்கு ஜோடிகளில் 125 மெகாபாட்டாக ஓடுகிறது. ஒவ்வொரு ஜோடியிலும் துடிப்புக்கு இரண்டு பிட். கண்ணாடி இழையில் ஒரே வழியாக 1.25 கிகாபாட், துடிப்புக்கு ஒரு பிட், ஆனால் 8 பிட் சரக்குக்கு 10 பிட் அனுப்புகிறார்கள். ஐபிஎம்மின் விட்மரும் ஃபிரனாசெக்கும் 1983இல் வெளியிட்ட முறை அது. பேலோடு இரண்டிலும் ஒன்றே. பாட் வேறு வேறு. இரண்டு எண்ணுக்கும் தனித்தனிப் பெயர் இருப்பதால்தான் இந்த ஒப்பீட்டை இரண்டு வரியில் சொல்ல முடிகிறது.

தரவு மையங்களை இணைக்கும் 400இசட்ஆர் என்ற ஒளியிழைத் தரத்தில் துடிப்பு வேகம் 59.84375 கிகாபாட். ஒவ்வொரு துடிப்பிலும் 8 பிட், ஆக 478.75 கிகாபிட், பிழை திருத்தத்துக்கும் கட்டமைப்புக்கும் போக பேலோடு 400. இதைப் பழைய தொலை அச்சுக் கருவியின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கே 50 பாட்டுக்கு 33⅓ பிட், அதாவது ஒரு துடிப்புக்கு முக்கால் பிட்டுக்கும் குறைவான சரக்கு: 0.667. இங்கே ஒரு துடிப்புக்கு 6.68. தொலை அச்சிலிருந்து கண்ணாடி இழைவரை வந்ததில் ஒரு துடிப்பு சுமக்கும் சரக்கு ஏறத்தாழ பத்து மடங்குதான் கூடியிருக்கிறது. துடிப்பின் வேகம் கூடியிருப்பது ஏறத்தாழ 120 கோடி மடங்கு. தொலைபேசி மோடத்தின் கதை இப்படியில்லை: 300 பாட்டிலிருந்து 3429 பாட் வரை துடிப்பு வேகம் பதினோரு மடங்குக்குச் சற்று மேல், துடிப்புக்கான பிட் ஒன்றிலிருந்து ஏறத்தாழ பத்து. நெருக்கடியான கம்பியில் இரண்டும் சமமாகவே உழைத்தன. விசாலமான இழையில் வளர்ச்சியின் மிகப் பெரும் பங்கு போதோவின் பெயர் தாங்கிய அலகின் கணக்கில்தான் சேர்கிறது.